கரண்டு பாய்

அவர் எழுந்து போன அறையில் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. ஃபேன் நின்றிருக்கும், விளக்கு அணைந்திருக்கும், யாரோ செருகிவிட்டு மறந்த போன் சார்ஜர் பிடுங்கப்பட்டு மேஜை மேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சில சமயம் உள்ளே ஆள் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் அணைத்துவிடுவார். கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனாலும் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனாலும் அவருடைய வலது கை சுவரைத் தடவிக்கொண்டேதான் வரும். பகலில் எரிந்துகொண்டிருந்த ஒரு தெருவிளக்குக்காக லைன்மேன் வீடு வரை நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தவர். போடியில் அவருக்குக் கரண்டு பாய் என்று பெயர். எங்களுக்கு வெறும் பாய்.

ஏலக்காய் ஏலம் நடத்தும் ஒரு கம்பெனியில் அவர் மேனேஜர். நான் சாம்பிள் பிரிவில் இருந்தேன். மலையிலிருந்து வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி காய் எடுத்துச் சின்னப் பையில் போட்டு, எண் எழுதி, ஹாலில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் சோலி. அவர்கள் காயை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுவார்கள். அப்போது இருந்தவை எல்லாம் பின்பக்கம் புடைத்த பழைய குண்டு மானிட்டர்கள். தொட்டால் சுடும். அந்தச் சூட்டுக்கு ஏசி ஓட வேண்டும், கரண்டு போனால் இரண்டுக்கும் சேர்த்து ஜெனரேட்டர் ஓட வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று தகராறு வராமலிருக்க, ஒவ்வொரு மானிட்டரின் முதுகிலும் பாய் தன் கையாலேயே வெள்ளை பெயிண்டில் இருக்கை எண் எழுதியிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் சாம்பிள் அறையில் ஃபேனை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். திட்டவில்லை. "ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்துதுன்னா, எங்கயோ ஒண்ணு எரியுதுன்னு அர்த்தம்மா" என்றார்.

இதை அவர் சும்மா சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவருடைய அத்தா ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்காரராக இருந்தார். இவரும் இளவயதில் அங்கே விறகு தூக்கியிருக்கிறார். பச்சைக் காய் காய்வதற்காகப் பருவம் முழுக்க அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் துண்டு துண்டாக உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார். சரிவில் ஒரு பக்கம் மொட்டையாகி, அடுத்த மழையில் அந்தப் பக்கம் சரிந்து இறங்கியதையும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் டீ குடிக்கும்போது இதைச் சொன்னவர், அந்த வாடை இன்னும் மூக்கில் இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

பழைய கம்ப்யூட்டர்களை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் அவர் எத்தனை மாதம் போராடினார் என்று எனக்குக் கணக்கில்லை. கரண்டு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மீட்டரை எங்கிருந்தோ வாங்கி வந்து பழைய மானிட்டரில் ஒரு நாளும், கடையிலிருந்து இரவல் வாங்கிய தட்டை மானிட்டரில் ஒரு நாளும் மாட்டி, இரண்டையும் முதலாளியின் கண் முன்னால் ஓடவிட்டார். முதலாளி கடைசியில் இறங்கி வந்தார்.

புதியவை வந்த அன்று பாயை அவ்வளவு சந்தோஷமாக நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஏசி இல்லாமலே ஹால் குளிர்ந்திருந்தது. அவர் செலவில் எல்லோருக்கும் சமோசா. மாட்ட வந்த மதுரை இன்ஜினியர் பையன் மட்டும் கிளம்பும்போது சாதாரணமாக ஒன்று சொல்லிவிட்டுப் போனான். இதைச் செய்வதற்கே ஏகப்பட்ட கரண்டும் தண்ணீரும் செலவாகியிருக்கும், மண்ணைத் தோண்டி உலோகம் எடுப்பதிலிருந்து கணக்குப் போட்டால் அதை ஈடுகட்ட இந்த மெஷின்களை ரொம்ப வருஷம் ஓட்ட வேண்டும் என்றான். பாய் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, ஓட்டுவோம், நான் இருக்கிறவரைக்கும் ஓட்டுவோம் என்று சொன்னார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து தூசியை அவரேதான் தட்டுவார்.

பழையவற்றை ஏற்றிப்போக ஒரு லாரிக்காரர் வந்தார். எங்கே போகும் என்று பாய் கேட்டதற்கு, வெளியூரில் முறைப்படி பிரித்து எடுக்கும் இடம் இருக்கிறது என்றார் அவர். பாய் நம்பினார். நாங்களும்தான். அதற்குப் பிறகு பாய் விடவில்லை. ஊரில் பாத்திரக்கடை, மருந்துக்கடை, தட்டச்சு சொல்லிக்கொடுக்கும் இடம், மசூதித் தெருவில் இருந்த ப்ரவுசிங் சென்டர் என்று போகிற இடமெல்லாம் அந்த மீட்டரையும் தூக்கிக்கொண்டு போய்ப் பேசினார். ஒன்றிரண்டு வருஷத்துக்குள் பலர் மாற்றிவிட்டார்கள். கழித்ததையெல்லாம் அதே லாரிக்காரர்தான் ஏற்றிக்கொண்டு போனார். அந்த லாரி தெருவில் போனால் பாய் டீக்கடையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார்.

மலையடிவாரத்தில் குரங்கணிக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே நாங்கள் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்தபோது பாயும் அவர் மனைவி பாயம்மாவும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது காற்று திரும்பி அந்த வாடை வந்தது. எங்களுக்கு அது பழகிப் போயிருந்தது. டயர் எரிகிற வாடையோடு வேறு எதுவோ சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பாய் மூக்கைப் பொத்தாமல் அது வரும் திசையைப் பார்த்தார். என்ன எரிகிறது என்று கேட்டார். ஓடையில் யாரோ ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள் என்று என் சின்னம்மா சொன்னாள். அந்தப் பக்கம் தண்ணீர் குடித்த அவளுடைய இரண்டு ஆடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்திருந்தன. அதற்குமேல் பாய் உட்காரவில்லை. வழி காட்ட நானும் போனேன்.

ஓடை காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓடியது. கரையில் ஒயர்க் குவியல் எரிந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் பிளாஸ்டிக் தொட்டியில் ஆசிட்டை ஊற்றி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சை நிறத் தட்டுகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அவன் மனைவி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மானிட்டர் கண்ணாடிகளைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள். மேலே எஸ்டேட்டில் கூலி சரியாக வராமல் இறங்கி வந்தவர்கள். அவள் வயிற்றுப்பிள்ளைக்காரி என்பது பார்த்ததும் தெரிந்தது.

பாய் புகையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். அவள் ஒரு அடி நகர்ந்துவிட்டு மறுபடி உடைக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் கழற்றிப்போட்ட மானிட்டர் கூடுகள் மலைபோல் கிடந்தன. அவற்றின் முதுகில் வெள்ளை பெயிண்டில் எண்கள் இருந்தன. பாய் கிட்டே போய் ஒரு எண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்கேருந்து கொண்டாந்தீக?" என்று கேட்டார்.

"போடியிலேருந்துதான் சார்" என்றாள் அவள். "அங்க யாரோ ஒரு பாயாம். கடை கடையாப் போயி பழசையெல்லாம் மாத்தச் சொல்றாராம். இன்னும் நெறைய வரும்னு லாரிக்காரரு சொன்னாரு. நல்லா இருக்கட்டும் அந்த மகராசன். ரெண்டு வருசமா அடுப்பெரியுதுன்னா அவராலதான்."

பாய் அந்த எண்ணிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வரும்போது வரப்பில் இரண்டு முறை அவருக்குக் கால் தடுக்கியது.

அடுத்த நாள் முதலாளியிடம் சொன்னார். விற்ற பொருள் நம் பொருள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பாய் லாரிக்காரரைப் பிடித்துக் கேட்டார். வெளியூருக்குக் கொண்டுபோனால் டீசல் காசுக்குக்கூடக் கட்டாது என்று லாரிக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகுதான் பாய் புகார் எழுதிப் போட்டார். சில நாள் கழித்து ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். தீயை மிதித்து அணைத்தார்கள், ஆசிட் தொட்டியை அப்படியே ஓடை மணலில் கவிழ்த்தார்கள், அந்தக் குடும்பத்தை அங்கிருந்து கிளப்பிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் வாடை நின்றது. பாய்க்கு நான்தான் போன் செய்து சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

வாடைதான் நின்றது. அந்தக் குடும்பம் ஜீப் போக முடியாத ஒரு பள்ளத்துக்கு, இன்னும் மேலே போயிருந்தது. லாரிக்காரர் சரக்கை அடிவாரத்தில் இறக்குவார், அவர்கள் தலைச்சுமையாக ஏற்றுவார்கள். கீழே இருந்தவரை அந்தத் தண்ணீர் எங்கள் தோட்டங்களோடு முடிந்தது. மேலே இருந்து வரும் தண்ணீர் கொட்டகுடி ஆற்றில் விழும், அதை போடியே குடிக்கும். தேன் எடுக்கப் போன ஒருவர் சொல்லித்தான் இது வெளியே வந்தது. பாய் கேட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க அவருக்கு வந்த போன் எதையும் எடுக்கவில்லை.

அவர் மேலே ஏறிப் போவதற்குள் அந்தப் பெண்ணை வலியோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பிள்ளை பிறந்தது, ஆனால் அழவில்லை. டாக்டர்கள் காரணம் என்று எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ரத்தம் குறைவு என்றார்கள், சுமை தூக்கியது என்றார்கள். அவள் உடைத்த கண்ணாடியில் இருக்கும் ஈயத்தைப் பற்றி பாய் கேட்டார். யாரும் சோதிக்கவில்லை. நான் பாயம்மாவோடு கஞ்சி கொண்டுபோயிருந்தேன். வார்டில் அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பாய் தான் யார் என்று அவளிடம் சொன்னார். மாற்றச் சொன்னதும் தான்தான், புகார் போட்டதும் தான்தான் என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள். குரலில் கோபம் இல்லை. "ஓடையிலயே விட்டுருந்தீகன்னா நாங்க மேல ஏறியிருக்க மாட்டோம் சார்."

கம்பெனியில் மூட்டை தூக்கும் வேலை வாங்கித் தருவதாக பாய் அவள் புருஷனிடம் சொன்னார். அவன் தலையை ஆட்டினான், வரவில்லை. வாரக் கடைசியில் இருவரும் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் கேரளப் பக்கம் போய்விட்டதாகத் தெரிந்தது.

அதன் பிறகு பாய் செய்ததைத்தான் ஊர் பைத்தியம் என்று சொன்னது. கூலிக்கு ஆள் பிடித்து, அவர்கள் கைக்கு உறை வாங்கிக் கொடுத்து, அந்தப் பள்ளத்திலும் ஓடையிலும் கிடந்ததையெல்லாம் அள்ளினார். உடைந்த கண்ணாடி, பாதி எரிந்த ஒயர், ஆசிட்டில் வெளுத்த தட்டுகள், சாம்பலோடு சேர்ந்த மண். சாக்கு சாக்காகக் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாடி அறை நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, பின்பக்கம் வந்தது. பாயம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்து என்னிடம் அழுதார். பேரப்பிள்ளைகளைக் கூட்டி வர மகன் பயப்படுவதாகச் சொன்னார். அந்த மனுஷனுக்கு எடுத்துச் சொல்லும்மா என்றார். நான் சொன்னேன். "வேற எங்க போடச் சொல்ற?" என்று பாய் கேட்டார். உண்மையாகவே இடம் கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் இடம் இல்லை.

பல ஊர்களுக்குப் போன் போட்டு, முறைப்படி பிரிக்கும் ஒரு தொழிற்சாலையைக் கடைசியில் கண்டுபிடித்தார். வண்டி வந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள், ஒயரை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டார்கள். அதில் ஈயம் இருக்கிறது, பழைய மானிட்டர் செய்வது நின்றுபோனதால் அந்தக் கண்ணாடி யாருக்கும் தேவையில்லை என்றார்கள். சாம்பல் மண்ணையும் தொடவில்லை. பாய் பின்பக்கம் குழி தோண்டச் சொல்லி, அடியிலும் நாலு பக்கமும் தடிமனாக சிமெண்ட் போட்டு, தார்ப்பாயில் சுற்றி அவற்றை இறக்கி, மேலே ஸ்லாப் போட்டு மூடினார். யாராவது வாங்கிக்கொள்ள வரும்வரைக்கும்தான் என்று பாயம்மாவிடம் சொன்னார். அன்றைக்கே தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதையும் நிறுத்திவிட்டார்.

புது கம்ப்யூட்டர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தபோதே முதலாளி அவற்றை மாற்ற முடிவு செய்தார். ஏலத்துக்கு வந்த புதிய சாப்ட்வேர் அவற்றில் மெதுவாகப் போகிறது என்பது ஒரு காரணம். இப்போது வருபவை இன்னும் குறைவாகக் கரண்டு எடுக்கின்றன என்பது இன்னொன்று. பாய் முதலாளியின் அறைக்குள் போனார். கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஓடுது மொதலாளி" என்றார் பாய். "ஒண்ணுகூட நிக்கல. இன்னும் பல வருசம் ஓடும்."

"நீங்கதான பாய் எனக்கு மீட்டர் மாட்டிக் காமிச்சீக?" என்றார் முதலாளி. கேலியாக இல்லை, நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னார். "இப்ப நீங்களே வேண்டாங்கிறீக."

பாய் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பழையதை ஏற்ற வந்தது வேறு லாரி, வேறு ஆட்கள். முறைப்படி செய்கிறவர்கள் என்று முதலாளி உறுதியாகச் சொன்னார். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள். லோடு ஏறி முடிந்ததும் பாய் முன்பக்கம் போய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இது எங்கே போகிறதோ அங்கே தானும் வருவதாகச் சொன்னார். டிரைவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, அவர் அப்படித்தான், கூட்டிட்டுப் போங்க என்பதுபோல் கையைக் காட்டினார்.

மறுநாள் சாயங்காலம்தான் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் அழுக்காக இருந்தது. பையை எடுக்க மட்டும்தான் அலுவலகத்துக்கு வந்தார். தேனி தாண்டி ஒரு குடோனில் சரக்கை இறக்கி வேறு வண்டியில் மாற்றினார்களாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார்.

"ரெண்டாவது வண்டியில என்னய ஏத்தலம்மா" என்றார்.

அதோடு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எப்போதாவது கடைத்தெருவில் பார்ப்பேன். விளக்கை அணைப்பதை மட்டும் விடவில்லை. ஏன் என்று யாருக்கும் சொல்வதை விட்டுவிட்டார். அந்த மீட்டரை யாரோ இரவல் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றாராம். போன மழைக்காலத்தில் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மகன் திருப்பூரில் இருக்கிறார். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகவும் வீட்டை விற்கவும் அவருக்கு ஆசை. நல்ல தெரு, நல்ல கட்டடம், கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஸ்லாப் மேல் நாலு சிமெண்ட் கல்லைப் பதித்து, துணி துவைக்கிற இடம் என்று சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று மகன் போனில் சத்தம் போடுவார். பாயம்மா காதில் வாங்குவதில்லை.

சென்ற மாதம் நான் போயிருந்தபோது ஒரு கணவனும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குள் வர நினைக்கிறவர்கள். அந்தப் பெண் கையில் சின்னக் குழந்தை. பாயம்மா அவர்களை உட்காரவைத்து, கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். எத்தனை அறை, எந்தத் திசை என்று கணவர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் பாயம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். முட்டிவலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"ரூமெல்லாம் அப்புறம் பாக்கலாம்த்தா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "மொதல்ல பின்பக்கம் வாங்க. அங்க என்ன கெடக்குன்னு சொல்லிர்றேன். பிள்ளைய இங்கயே இவகிட்ட குடுத்துட்டு வாங்க."

குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.